ரோமா மாணவர்களுக்கு வைத்தியக் கல்வி: உபகாரச் சம்பளத்தின் பலனை அளப்பது எப்படி?

ஒரு நற்காரியத்திற்கென்று பணம் ஒதுக்குவது எளிது. அப்பணம் உரிய பலனைத் தந்ததா என்று அறிவதுதான் கடினம். மதகடியில் நிற்பவன் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விடப்பட்டது என்பதைச் சொல்லிவிடலாம். கடைமடை வயலில் எவ்வளவு பாய்ந்தது என்பதை அந்த வயலுக்கே நடந்துபோய்ப் பார்த்தவன்தான் சொல்லமுடியும். பொதுப் பணத்தைச் செலவிடும் பொறுப்பை ஏற்ற எந்த சபைக்கும் இது பொருந்தும். ஏழை மாணவர்களுக்கு அளிக்கப்படும் உபகாரச் சம்பளத்திற்கோ இது மிகவும் பொருந்தும். ஏனெனில், அதன் பலன் ஓராண்டில் தெரிவதன்று. பத்து ஆண்டுகள் கழித்துத் தெரிவது.

ஐரோப்பாவில் வாழும் ரோமா என்னும் மக்களிலிருந்து டாக்டர்களையும் தாதிகளையும் உண்டாக்குவதற்காக உபகாரச் சம்பளங்கள் அளிக்கப்பட்டன. அவற்றின் பலனை எவ்விதம் எடைபோட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நிகழ்ச்சி தூர தேசத்தில் நடப்பது. ஆயினும், அதிலுள்ள கேள்விகள் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் மனத்தில் எழுப்பிப் பார்க்கத்தக்கவை.

ரோமா மக்கள் யார்?

ரோமாபுரிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ருமேனியா என்ற நாட்டின் பெயரும் வேறு வழியில் வந்ததே. இம்மக்களின் மொழியில் 'ரோம்' என்றால் மனிதன் என்று பொருள். பிறர் இவர்களை 'ஜிப்சிகள்' என்று அழைத்து வந்தனர். அப்பெயரில் இகழ்ச்சி கலந்திருப்பதால் இம்மக்களில் பலர் அதை விரும்புவதில்லை.

இவர்களுடைய முன்னோர்கள் ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டவர்கள் என்பதை இவர்கள் பேசும் ரோமானி மொழியே காட்டுகிறது. இன்றும் அம்மொழியில் தண்ணீருக்குப் 'பானி', மூக்கிற்கு 'நாக்', காதிற்குக் 'கான்' என்ற சொற்கள் வழங்குகின்றன. ஹிந்தி அறிந்தவர்கள் இச்சொற்களை உடனே கண்டுகொள்வார்கள்.

ஐரோப்பாவில் இன்று வாழும் ரோமா மக்களின் தொகை சுமார் 1 கோடி முதல் 1 கோடியே 20 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிக்கப்படுகிறது. இவர்களில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த நாடுகளில் இருக்கின்றனர். இன்றைய ருமேனியாவின் பகுதிகளாகிய வாலாக்கியாவிலும் மால்டேவியாவிலும் இவர்கள் பல நூற்றாண்டுகள் அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்டனர். அவ்வடிமைத்தனம் 1850-களில்தான் சட்டப்படி ஒழிந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நாஜிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் லட்சக்கணக்கான ரோமா மக்களைக் கொன்றனர். இத்தகைய சரித்திரம் உள்ள மக்கள், அரசாங்கத்தின் பெயரால் வரும் எவரையும் ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை.

ஆஸ்பத்திரியும் அச்சமும்

2021-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் நிலையம் பல நாடுகளில் ரோமா குடும்பங்களை நேரில் விசாரித்துக் கணக்கெடுத்தது. ரோமா மக்களில் 100-க்கு 80 பேர் வறுமைக்கு உட்படும் நிலையில் இருப்பதாக அது கண்டது. ரோமா ஆண்களும் பெண்களும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 9 முதல் 11 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகின்றனர் என்பதும் அதில் தெரியவந்தது. தூய்மையான குடிநீர் இன்மை, நெருக்கமான குடியிருப்பு, குளிர், கடன், காலங்கடந்து வைத்தியம் நாடுதல் ஆகிய பல காரணங்கள் இதன் பின்னால் உள்ளன.

காலங்கடந்து வைத்தியம் நாடுவதற்கு வறுமை மட்டும் காரணமன்று. ஸ்லோவாக்கியா நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ரோமாப் பெண் ஒருத்திக்கு ஒரு பொது ஆஸ்பத்திரியில் அறுவை முறையில் பிரசவம் நடந்தது. பிரசவ வேதனையில் இருந்த சமயத்தில் அவளிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது. அதில் எழுதியிருந்த வைத்தியச் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியாது. இனி அவளுக்குக் குழந்தையே பிறக்காதபடி கருத்தடை செய்வதற்கான சம்மதம் அது! அவ்வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. ஆஸ்பத்திரியில் நடந்தது அப்பெண்ணின் உரிமைக்கு விரோதமானது என்று 2011-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செக் குடியரசிலும் இவ்விதம் சம்மதமின்றிக் கருத்தடை செய்யப்பட்ட பெண்களுக்கு நஷ்டஈடு கொடுப்பதற்கு 2021-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது.

இப்படிப்பட்ட செய்திகள் ஒரு குடியிருப்பில் பரவினால், அடுத்த பிரசவத்திற்கு எந்தத் தாய் ஆஸ்பத்திரிக்குத் தயங்காமல் போவாள்? அந்தத் தாளை அவளுக்குப் புரியும் வார்த்தைகளில் விளக்கிச் சொல்ல, அவளுடைய மக்களைச் சேர்ந்த ஒரு தாதி அன்று அந்த அறையில் இருந்திருந்தால் என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. ரோமா மாணவர்களுக்கு வைத்தியக் கல்வி அளிக்கவேண்டும் என்பதன் அடிப்படை நியாயம் இதுவே.

உதவித் திட்டத்தின் அமைப்பு

2005 முதல் 2015 வரையுள்ள பத்தாண்டுகளை ரோமா மக்களைச் சமூகத்தில் இணைக்கும் பத்தாண்டுகளாக மத்திய, கிழக்கு ஐரோப்பிய அரசாங்கங்கள் சில அறிவித்தன. கல்வி, வேலை, சுகாதாரம், வீட்டு வசதி ஆகிய நான்கும் அதன் நோக்கங்கள். 2005-ஆம் ஆண்டிலேயே 'ரோமா கல்வி நிதி' என்னும் ஸ்தாபனமும் தோன்றியது. இந்த ஸ்தாபனமும் 'ஓப்பன் சொசைட்டி' என்னும் தனியார் அறநிதியின் பொதுச் சுகாதாரப் பிரிவும் சேர்ந்து, ரோமா மாணவர்களுக்கான சுகாதார உபகாரச் சம்பளத் திட்டம் ஒன்றை நடத்தின. முதலில் ருமேனியாவில் தொடங்கிய அத்திட்டம், பின்னர் பல்கேரியா, சர்பியா, இன்று வட மாசிடோனியா எனப்படும் மாசிடோனியா ஆகிய நாடுகளுக்கும் விரிந்தது.

இத்திட்டம் வெறும் பணத்தோடு நின்றுவிடவில்லை. படிப்புச் செலவிற்கான உபகாரச் சம்பளம் ஒரு பகுதி. நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் விசேஷ வகுப்புகள் மற்றொரு பகுதி. மாணவன் படிக்கும் கல்லூரியிலேயே அவனுக்கு வழிகாட்டியாக ஓர் ஆசிரியரை அமர்த்துவது மூன்றாவது. தம் மக்களின் சுகாதாரத் தேவைகளைச் சபையில் எழுந்து எடுத்துரைக்கப் பயிற்சி தருவது நான்காவது. வைத்தியக் கல்லூரி மாணவர்கள் மட்டுமன்றி, தாதித் தொழில் முதலியவற்றைக் கற்பிக்கும் சுகாதாரத் தொழிற் பள்ளிகளின் மாணவர்களும் இதில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இத்தகைய திட்டத்தை மதிப்பிட முற்படுபவர், பணம் இவ்வளவு செலவாயிற்று, இத்தனை பேர் பெற்றனர் என்ற இரண்டு எண்களை எழுதிவிட்டுப் போய்விடலாம். அவை மதகடிக் கணக்குகள். கடைமடைக்குப் போக விரும்புகிறவர் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதற் கேள்வி: உதவி யாரைச் சென்று அடைந்தது?

முன் சொன்ன 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள ரோமா இளைஞர்களில் 100-க்கு 27 பேரே மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். மொத்த மக்களிலோ 100-க்கு 84 பேர். ஆகவே, கல்லூரி வாசலுக்கு வந்து சேருபவர்களே மிகச் சிலர். கல்லூரி வாசலில் கொடுக்கப்படும் பணம், அவ்வாசலுக்கு வந்தவர்களுக்கு மட்டுமே உதவும். பாதி வழியில் விழுந்தவர்களுக்கு உதவாது.

அவர்கள் ஏன் பாதி வழியில் விழுகின்றனர்? செக் குடியரசின் ஆஸ்ட்ராவா நகரத்தில் ரோமாக் குழந்தைகள் பலர், மந்த புத்தியுள்ள குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட தனிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களில் 18 பேர் தொடுத்த வழக்கில், இது பாரபட்சமான செயல் என்று 2007-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய பள்ளியில் ஏழு வயதில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு, பதினெட்டாவது வயதில் வைத்தியக் கல்விக்கான உபகாரச் சம்பளம் இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்?

மேலும், உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் அவ்வுதவி இல்லாமலே படித்திருப்பார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஓரளவு வசதியுள்ள நகரத்துக் குடும்பத்தின் பிள்ளையும், ஊருக்கு வெளியே தனித்துக் கிடக்கும் குடியிருப்பின் பிள்ளையும் விண்ணப்பித்தால், தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நோக்கும் குழு முதற் பிள்ளையையே தேர்ந்தெடுக்கும். அப்பிள்ளை நன்றாகப் படித்துத் தேறும். அறிக்கையும் அழகாக இருக்கும். ஆனால், அப்பணத்தால் புதிதாக விளைந்தது சிறிதே. உண்மையை அறிய ஒரு வழி உண்டு. தேர்வில் மயிரிழையில் உதவியை இழந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்து, சில ஆண்டுகள் கழித்து அவர்கள் என்ன ஆனார்கள் என்றும் விசாரிக்கவேண்டும். உதவி பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசமே உதவியின் பலன். பக்கத்து வயலில் எரு இடாமல் விளைந்ததையும் பார்த்தால்தான், எருவினால் விளைந்தது இவ்வளவு என்று விவசாயி சொல்லமுடியும்.

இரண்டாம் கேள்வி: சேர்ந்தவர்கள் முடித்தார்களா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி, வைத்தியப் பட்டத்திற்குக் குறைந்தது 5 ஆண்டுகளும் 5,500 மணி நேரமும் படிக்கவேண்டும். ருமேனியாவில் இப்படிப்பு 6 ஆண்டுகள். பொதுத் தாதிப் பயிற்சிக்கு 3 ஆண்டுகளும் 4,600 மணி நேரமும் வேண்டும். இவ்வளவு நீண்ட காலத்தில், தகப்பனுக்கு வேலை போய்விடலாம்; தாய் நோயுறலாம்; மூத்த பிள்ளை சம்பாதிக்க வந்தே தீரவேண்டிய நிலை ஏற்படலாம். ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பிக்கப்படும் உபகாரச் சம்பளம் ஒரு மாதம் தாமதித்தாலும், அம்மாணவன் ஊருக்குத் திரும்பிவிடக்கூடும். ஆகையால், எத்தனை பேர் முடித்தனர் என்று கேட்பதோடு, விட்டுச் சென்றவர்கள் எந்த ஆண்டில், எதனால் சென்றனர் என்றும் கேட்கவேண்டும். முதலாண்டிலேயே பலர் சென்றிருப்பின், நுழைவுக்கு முந்திய வகுப்புகள் போதவில்லை எனலாம். நான்காம் ஆண்டில் சென்றிருப்பின், பணமோ குடும்பமோ காரணமாயிருக்கலாம். விட்டுச் சென்றவர்களிடம் விசாரிக்காத மதிப்பீடு பாதி மதிப்பீடே.

மூன்றாம் கேள்வி: டாக்டரா, தாதியா?

ஒரு மாணவனை 6 ஆண்டுகள் படிக்கவைக்கும் செலவில் இரண்டு தாதிகளை 3 ஆண்டுகள் வீதம் படிக்கவைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தாதி விரைவில் வேலைக்கு வருவாள். நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பாள். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் தாதிப் பயிற்சியையே ஆதரிப்பார்.

ஆனால், இதில் ஓர் அபாயம் உண்டு. 2002-ஆம் ஆண்டில் ருமேனிய அரசாங்கம் ரோமாக் குடியிருப்புகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவே சென்றுவரும் சுகாதாரத் தூதர்களை அங்கீகரித்தது. பெரும்பாலும் ரோமாப் பெண்களே அவ்வேலையைச் செய்தனர். தாய்மார்களை டாக்டரிடம் அழைத்துச் செல்வதிலும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் செய்வதிலும் அவர்களுடைய பணி சிறந்தது. எனினும், தூதர்களும் தாதிகளும் மட்டுமே ரோமாக்களாகவும், உத்தரவிடும் டாக்டர்கள் அனைவரும் பிறராகவும் இருக்குமானால், பழைய ஏற்றத்தாழ்வு வெள்ளை உடை உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள்ளும் வந்துவிடும். ஆதலின், குறைந்த செலவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது. டாக்டராகும் தகுதியுள்ள பெண்ணைத் தாதிப் பள்ளிக்குத் திருப்பிவிட்டிருக்கிறோமா என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

நான்காம் கேள்வி: தேர்ந்தவர்கள் எங்கே இருக்கின்றனர்?

2007-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அதன் பின்னர், அந்நாடுகளின் டாக்டர் பட்டமும் தாதிப் பட்டமும் ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் செல்லுபடியாயின. அதிக ஊதியத்தை நாடி அந்நாட்டு டாக்டர்களும் தாதிகளும் பெருந்தொகையில் மேற்கு ஐரோப்பாவிற்குச் சென்றனர். உபகாரச் சம்பளம் பெற்றுத் தேறிய ரோமா இளைஞனும் அவர்களோடு போகலாம். அவன் வீட்டுக்கு அது வாழ்வு, குடியிருப்பிற்கோ நஷ்டம்.

இதற்குப் பரிகாரமாக, தேறியவர்கள் இத்தனை ஆண்டுகள் தம் மக்களிடையே வேலை செய்தாகவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாமா? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். ஆனால், பொதுப் பணத்தில் படித்த மற்ற டாக்டர்கள் விரும்பிய இடத்திற்குப் போகலாம், ரோமா டாக்டர் மட்டும் ரோமாக் குடியிருப்பில்தான் இருக்கவேண்டும் என்றால், அது உதவியா, புதிய வேலியா? நிபந்தனை விதிப்பதாயின் அனைவருக்கும் விதிப்பதே முறை. மேலும், தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா நோயாளிகளுக்கும் வைத்தியம் செய்யும் ஒரு ரோமா டாக்டரின் பணியும் வீணன்று. தன் உயிரைக் காத்தவர் ரோமா டாக்டர் என்று அறிந்த நோயாளி, தன் ஊர்ப் பள்ளியிலிருந்து ரோமாக் குழந்தையை விலக்கச் சொல்லுமுன் சற்று யோசிப்பான். ஆகவே, திரும்பி வந்தவர்களின் தொகையோடு, வேலையில் நிலைத்தவர்களின் தொகையையும் தனியே குறிக்கவேண்டும்.

ஐந்தாம் கேள்வி: கணக்கில் வராதவர் யார்?

ருமேனியாவில் 1990-களிலிருந்து பல்கலைக் கழகங்களில் ரோமா மாணவர்களுக்கென்று தனி இடங்கள் ஒதுக்கப்பட்டு வருகின்றன. அவ்விடத்தைக் கோருபவர் தாம் ரோமா என்பதற்கு ஒரு ரோமா ஸ்தாபனத்தின் சிபாரிசுக் கடிதத்தைக் கொண்டுவர வேண்டும். உபகாரச் சம்பளம் கேட்பவரும் இவ்வாறே தம்மை வெளிப்படுத்திக்கொள்ள நேரும்.

இங்கேதான் ஒரு வேதனையான தேர்வு எழுகிறது. தன் இனத்தை வெளியே சொன்னால் உதவி கிடைக்கும். ஆனால், சகமாணவர் ஏளனமும், 'தகுதியில்லாமல் இடம் பெற்றவன்' என்ற பேச்சும் கூடவே வரலாம். சொல்லாமல் மறைத்தால் நிம்மதியாகப் படிக்கலாம், ஆனால், உதவியில்லை. பலர் மறைப்பதையே தேர்ந்தெடுக்கின்றனர். ஆதலால், ரோமா டாக்டர்கள் இத்தனை பேர் என்று எவர் சொன்னாலும், அது தம்மை வெளிப்படுத்திக்கொள்ளத் துணிந்தவர்களின் தொகையே என்று கொள்ளவேண்டும். வெளிப்படுத்திக்கொள்பவர்கள் ஆண்டுக்காண்டு அதிகமானால் அதுவும் ஒரு பலனே. அச்சம் குறைந்து வருகிறது என்பதற்கு அது அறிகுறி. வழிகாட்டும் ஆசிரியரும், தம்மைப் போன்ற மாணவர்கள் கூடும் பயிற்சி முகாமும் இவ்விஷயத்தில் பணத்தைவிட அதிகமாக உதவக்கூடும்.

ஆறாம் கேள்வி: நோயாளிக்கு என்ன மாறியது?

எல்லாவற்றிற்கும் கடைசியில் இருப்பவர் நோயாளி. 2020-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த திட்டம், ரோமா மக்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுளில் உள்ள வித்தியாசத்தை 2030-ஆம் ஆண்டிற்குள் பாதியாகக் குறைக்கவேண்டும் என்கிறது. சிறந்த நோக்கமே. ஆயினும், சில நூறு மாணவர்களைப் படிக்கவைத்த ஒரு திட்டத்தை, ஒரு மக்களின் ஆயுள் கூடியதா என்ற தராசில் நிறுத்துவது பொருந்தாது. ஆயுளைக் கூட்டக் குடிநீர் வேண்டும், வீடு வேண்டும், வேலை வேண்டும். டாக்டர் ஒருவரால் கிணறு வெட்டமுடியாது.

அருகில் இருப்பதை அளக்கலாம். ரோமாத் தாதி வேலை செய்யும் வைத்திய நிலையத்திற்குக் கர்ப்பிணிகள் முன்னைவிடச் சீக்கிரமாக வருகிறார்களா? குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுவதும் போடப்படுகிறதா? கையெழுத்து வாங்குமுன் நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில் விளக்கப்படுகிறதா? இவற்றை நிலையத்தின் பதிவேட்டிலும், அதைவிட முக்கியமாகக் குடியிருப்புப் பெண்களின் வாயிலாகவும் அறியலாம்.

முடிவாகச் சில வார்த்தைகள்

மேற்கண்ட ஆறு கேள்விகளில் எதற்கும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி விடை காண முடியாது. மாணவனின் வீட்டிற்கும், அவன் விட்டுச்சென்ற வகுப்பிற்கும், அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் சென்றால்தான் விடை கிடைக்கும். அதற்கு வேண்டிய பெயர்ப் பட்டியலும் விவரமும் முதல் தவணைப் பணம் கொடுக்கும் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்தாண்டு கழித்துத் தேடினால் அகப்படாது.

மற்றொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. அறநிதி எவ்வளவு பெரியதாயினும் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணலாகாது. கொடையாளியின் நோக்கம் மாறலாம், காலம் மாறலாம். அறநிதி தொடங்கிய வேலையை அரசாங்கமும் கல்லூரிகளும் தம் சொந்தப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டனவா என்பதே, இத்தகைய எந்தத் திட்டத்திற்கும் இறுதிச் சோதனை.

மதிப்பீடு செய்வது குற்றம் கண்டுபிடிப்பதற்காக அன்று. ஒரு சில ரூபாய் வீணாயிற்று என்று காட்டி, முழு உதவியையும் நிறுத்திவிடுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கண்ட விவசாயி வாய்க்காலைத் தூர்த்துவிடுவதில்லை. எங்கே உடைந்திருக்கிறது என்று கரை வழியே நடந்து பார்த்து, அந்த இடத்தை அடைக்கிறான். உபகாரச் சம்பளத்தை மதிப்பிடுபவரும் அவ்வாறே செய்தல் வேண்டும். பிரசவ அறையில் புரியாத தாளை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு தாய்க்குப் பக்கத்தில், அவளுக்குப் புரியும்படி பேசக்கூடிய ஒருவர் வந்து நிற்கும் நாளே அந்த வேலை நிறைவேறும் நாள்.